பிறர் மனத்தில் இருப்பதை நாம் எப்படி அறிகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பெற்றோரிடமும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமும் பேசும்போதெல்லாம் சில ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஒருவர் மற்றொருவரின் எண்ணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார், அந்தத் திறன் எப்போது வருகிறது, எங்கே தவறுகிறது என்பவையே அவற்றின் மையம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை எடுத்தாள்வதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஊகம்தானே?

ஊகம்தான். ஆனால் அந்த ஊகம் இல்லாமல் ஒரு நாளைக்கூடக் கடத்த முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் சாலையை எட்டிப் பார்க்கிறார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பேருந்துக்காகக் காத்திருக்கிறார், நேரமாகிவிட்டதே என்று கவலைப்படுகிறார், ஆட்டோ வந்தால் கை காட்டக்கூடும் என்ற முடிவுகளுக்கு நாம் யோசிக்காமலே வந்துவிடுகிறோம். கண்ணில் பட்டவை இரண்டு அசைவுகள் மட்டுமே. விருப்பத்தையும் கவலையையும் நாமே சேர்த்துக்கொண்டோம். ஒருவர் எதை விரும்புகிறார், எதை உண்மை என்று நம்புகிறார் என்ற இரண்டும் பிடிபட்டால், அவர் அடுத்து என்ன செய்வார் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தப் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மலும் 1944-இல் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறிய படம் ஒன்றை 34 கல்லூரி மாணவியருக்குப் போட்டுக்காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர்தான் அதை வடிவங்களின் நகர்வாக மட்டும் விவரித்தார். மற்றவர்கள் துரத்துதல், பயம், சண்டை, தப்பித்தல் என்று உயிருள்ளவற்றின் கதையாகவே எழுதினார்கள்.

இதை எப்போதிலிருந்து ஆராய்கிறார்கள்? 'மனக்கோட்பாடு' என்று ஏன் சொல்கிறார்கள்?

தத்துவத்தில் இது பழைய கேள்வி. சோதனைக்கூடத்துக்குள் அது அழுத்தமாக நுழைந்தது 1978-இல், டேவிட் பிரிமேக், கை வுட்ரஃப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை வழியாக. சாரா என்ற சிம்பன்சிக்கு, எட்டாத வாழைப்பழத்தை எடுக்கத் திணறும் ஒருவரைக் காணொளியில் காட்டி, பிறகு சில படங்களை நீட்டினார்கள். அவருடைய சிக்கலைத் தீர்க்கும் படத்தையே சாரா பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது. அந்த மனிதர் என்ன செய்ய விரும்புகிறார் என்பது சாராவுக்குப் புரிந்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். பிறருடைய மனநிலை நேரில் தெரிவதில்லை, அதை ஊகித்தே நடத்தையைக் கணிக்கிறோம் என்பதால் 'கோட்பாடு' என்ற பெயரைத் தந்தவர்களும் அவர்களே.

அந்தக் கட்டுரைக்கு எதிர்வினை எழுதிய தத்துவவாதிகள் ஒரு நியாயமான தடை சொன்னார்கள். டேனியல் டென்னட் அவர்களுள் ஒருவர். சிம்பன்சி தனக்குத் தெரிந்த தீர்வையே காட்டியிருக்கலாம். அதற்கு மனிதரின் மனத்துக்குள் போக வேண்டியதில்லை. உண்மையாகவே சோதிக்க வேண்டுமானால், பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மையும் எதிரில் இருப்பவர் நம்புவதும் வேறுபட வேண்டும். பிறகு நடந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தத் தடையிலிருந்தே கிளைத்தது.

குழந்தைக்கு இது எந்த வயதில் வருகிறது?

ஒரே நாளில் வருவதில்லை. ஆயினும் நான்கு வயதை ஒட்டித் தெளிவான மாற்றம் ஒன்று நிகழ்கிறது. ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். மாக்ஸி என்ற சிறுவன் தன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதில் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்திவிட்டு மீதியைப் பச்சை அலமாரியில் வைக்கிறார். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருந்த குழந்தைகளில் ஒருவர்கூட நீல அலமாரியைக் காட்டவில்லை. நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் 57 சதவீதமும், ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 86 சதவீதமும் சரியாகக் காட்டினார்கள். சோதனை முறை எளிதாக்கப்பட்ட பிறகு இந்த வயது சற்றுக் கீழிறங்கியது. 2001-இல் ஹென்றி வெல்மனும் உடன் ஆய்வாளர்களும் 178 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நிகழும் மாற்றம் நிலைத்தே நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, சிறு குழந்தை செய்யும் தவறின் தன்மை. அது தடுமாறிப் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வதில்லை. உறுதியாகப் பச்சை அலமாரியைக் காட்டுகிறது. சாக்லேட் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு மாக்ஸிக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள அதனால் முடியவில்லை. பிறரைப் புரிந்துகொள்வதில் கடினமான பகுதி இந்த ஒதுக்கி வைத்தல்தான் என்பது என் கருத்து. வளர்ந்தவர்களைப் பற்றிய பதில்களிலும் இது வரும்.

என் மூன்று வயது மகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், தவறாகவே சொன்னாள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

இந்த ஒன்றுக்காக வேண்டியதில்லை. மூன்று வயதில் அந்தப் பதில் எதிர்பார்க்கத் தக்கதே. அவளிடம் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள், மிட்டாய் என்பாள். திறந்து காட்டுங்கள், உள்ளே பென்சில்கள். மீண்டும் மூடிவிட்டு, 'திறப்பதற்கு முன்னால் என்ன இருக்கும் என்று நினைத்தாய்?' என்று கேட்டால், பல மூன்று வயதுக் குழந்தைகள் 'பென்சில்' என்றே சொல்கிறார்கள். ஆலிசன் கோப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் 1988-இல் வெளியிட்ட முடிவு இது. குழந்தை பொய் சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் தான் தவறாக நினைத்தது என்பதே அதன் கணக்கில் வருவதில்லை.

தவறான நம்பிக்கையைப் புரிந்துகொள்வதற்கு முன்பே வரும் படிகளும் உண்டு. எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காமல் போகலாம் என்பது முதலில் தெளிகிறது. உள்ளே ஒன்றை உணர்ந்துகொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டலாம் என்பது பொதுவாகக் கடைசியில் வருகிறது. கண்ணைப் பார்ப்பது, காட்டிய பொருளைத் திரும்பிப் பார்ப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது, பாவனை விளையாட்டு ஆகியவை ஒன்றரை வயதாகியும் இல்லாதிருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அலமாரிக் கதைக்காக அல்ல.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கே இது தெரியும் என்று படித்தேனே. நீங்கள் நான்கு வயது என்கிறீர்களே?

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2005-இல் கிறிஸ்டின் ஓனிஷியும் ரெனே பயார்ஜோனும் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாக இருக்கும். பதினைந்து மாதக் குழந்தைகளிடம் கேள்வி எதுவும் கேட்காமல், அவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை அளந்தார்கள். பொருள் இடம் மாறியதை அறியாத ஒருவர், அது தற்போது இருக்கும் பெட்டிக்குள் நேராகக் கைவிட்டால், குழந்தைகள் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார்கள். எதிர்பாராததைக் கண்டால்தான் குழந்தைகள் அப்படிப் பார்ப்பார்கள். ஆகவே அவர்கள் அந்த நபரின் தவறான நம்பிக்கையைக் கணக்கில் எடுத்திருந்தார்கள் என்பது முடிவு.

பிற்பாடு பல ஆய்வகங்கள் இவ்வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது, சிலவற்றில் அதே முடிவு வந்தது, பலவற்றில் வரவில்லை. இயன் ஏப்பர்லியும் ஸ்டீபன் பட்டர்ஃபில்லும் 2009-இல் ஒரு நடுவழியை முன்வைத்தார்கள்: விரைவாகவும் கரடுமுரடாகவும் இயங்கும் ஒரு முறை சிறு வயதிலேயே இருக்கிறது, சொல்லி விளக்கக்கூடிய, மெதுவான, நெகிழ்வான மற்றொன்று பின்னால் வருகிறது என்பது அவர்கள் வாதம். வழக்கு இன்னும் முடியவில்லை. பெற்றோரைப் பொறுத்தவரை, குழந்தை பேச்சில் பதில் சொல்லும் திறனுக்கு நான்கு வயது என்ற கணக்கு பயன்படும்.

உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் இதே வயதிலா? இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு அல்லவா?

இந்த ஐயம் சரியானது, துறைக்குள்ளும் எழுந்தது. தாரா கலகனும் மற்றவர்களும் 2005-இல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் ஒரே சோதனையை நடத்தி, ஐந்து வயதளவில் பெரும்பாலான குழந்தைகள் அதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று கண்டார்கள். ஆனால் 2013-இல் சமோவாவிலேயே நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், எட்டு வயதளவில்தான் பெரும்பான்மையினர் தேர்ந்தார்கள். பிறர் உள்ளத்தில் இருப்பதை ஊகித்துப் பேசுவது அந்தப் பசிபிக் சமூகங்கள் பலவற்றில் ஒழுங்கான செயலாகக் கருதப்படுவதில்லை என்பதை மானிடவியலாளர்கள் வெகுநாளாகவே எழுதிவந்திருக்கிறார்கள்.

வயது மட்டுமல்ல, வரிசையும் மாறுகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், ஒரே விஷயத்தைப் பற்றி இருவர் வெவ்வேறாக எண்ணலாம் என்பது குழந்தைகளுக்கு முதலில் பிடிபடுகிறது. சீனாவிலும் ஈரானிலும் அதற்கு முன்பே, பார்த்தவருக்குத்தான் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது என்பது பிடிபடுகிறது. வீட்டில் கருத்து வேற்றுமைக்கு இடம் தருவதும், பெரியவர்களிடமிருந்து அறிவைப் பெறுவதை வலியுறுத்துவதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

காது கேளாத குழந்தைகளுக்கு இது தாமதமாகும் என்கிறார்கள். காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காதுக்குச் சம்பந்தம் இல்லை, உரையாடலுக்கு உண்டு. கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் ஆஸ்திரேலியாவில் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடங்கிவைத்தது. கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைத் தாமதமாகக் கற்ற குழந்தைகள் எட்டு வயதுக்கு மேலும் இச்சோதனையில் தடுமாறினார்கள். பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து, பிறந்த நாள் முதல் வீட்டில் சைகை மொழி புழங்கிய குழந்தைகளுக்கு அத்தகைய தாமதம் இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இதைவிட வியப்பானது நிகரகுவாவில் நடந்தது. 1970-களின் பிற்பகுதியில் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாக ஒரு பள்ளியில் கூடியபோது, அவர்களுக்குள்ளேயே ஒரு புதிய சைகை மொழி பிறந்தது. முதல் தலைமுறையிடம் 'நினைக்கிறேன்', 'தெரியும்' போன்ற மனத்தைக் குறிக்கும் சைகைகள் மிகக் குறைவு. அடுத்து வந்தவர்கள் அவற்றை வளர்த்தார்கள். ஜெனி பையர்ஸும் ஆன் செங்கஸும் சோதித்தபோது, இருபது வயதைக் கடந்த முதல் தலைமுறையினரே தவறான நம்பிக்கைச் சோதனையில் இளையவர்களிடம் தோற்றார்கள். சில ஆண்டுகளில், இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்ற பின், அவர்களும் தேர்ந்தார்கள். இந்தியாவில் காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி கற்பித்தால் பேச்சு வராது என்று இன்றும் சில பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. அவர்கள் இந்த ஆய்வை அறிந்திருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். குழந்தையிடம் எந்த மொழியிலும் பேசாமல் கழியும் ஆண்டுகளே பெரிய இழப்பு.

அப்படியானால் வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

மனத்தைப் பற்றிப் பேசுங்கள். 'தம்பி ஏன் அழுகிறான் என்று நினைக்கிறாய்?', 'பாட்டிக்கு நீ வந்தது தெரியாது, அதனால்தான் கதவைத் தாழிட்டுவிட்டார்' என்பது போன்ற சாதாரணப் பேச்சே போதும். உணர்வுகளையும் எண்ணங்களையும் பெயர் சொல்லிப் பேசும் தாய்மாரின் குழந்தைகள் இத்திறனில் பிற்பாடு முன்னே நிற்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அண்ணன், தங்கை என்று உடன்பிறந்தோர் இருப்பதும் உதவுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. இதற்கென்று விற்கும் அட்டைகளும் செயலிகளும் தேவையில்லை.

நான்கு வயது மகன் புதிதாகப் பொய் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். கெட்டுப்போகிறானா?

பொய் சொல்வதற்கு, எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்வதை அம்மா நம்புவார் என்ற இரண்டும் புரிந்திருக்க வேண்டும். ஆகவே பொய் தொடங்கும் வயதும் மாக்ஸி கதை புரியும் வயதும் நெருங்கி வருவதில் வியப்பில்லை. கண்டிப்பது உங்கள் உரிமை. ஆனால் அது வளர்ச்சியின் அடையாளம் என்பதை அறிந்து கண்டியுங்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்தத் திறனே கிடையாது என்று சொல்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்வது தவறு. தவறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1985-இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் ஆகியோர் லண்டனில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது; ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறது. மாக்ஸி கதையின் சுருங்கிய வடிவம் இது. சாலி எங்கே தேடுவாள் என்ற கேள்விக்கு, ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகப் பதிலளித்தார்கள். மன வளர்ச்சியில் அவர்களைவிடப் பின்தங்கிய டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் 86 சதவீதத்தினர் சரியாகச் சொன்னார்கள். அறிவுத் திறனிலிருந்து வேறான ஒன்று இங்கே செயல்படுகிறது என்பதைக் காட்டியது அந்த ஆய்வின் உண்மையான பங்களிப்பு. 20 பேரில் நால்வர் சரியாகச் சொன்னதை அதன் ஆசிரியர்களே குறிப்பிட்டார்கள். அதை மறந்து, மனமறியாதவர்கள் என்ற முத்திரையைப் பின்வந்தவர்கள் குத்தினார்கள்.

மொழித் திறன் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் இச்சோதனையில் தேர்கிறார்கள். அவர்களுக்கு இடர் தருவது, பேச்சு வேகமாகவும் குறிப்பாகவும் நகரும் நேரடிச் சூழல். மேலும் 2012-இல் டேமியன் மில்டன் முக்கியமான ஒரு மறுப்பை எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரிதல் இரு பக்கமும் நடக்க வேண்டியது. ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவரின் மனத்தைப் படிக்கத் தவறுகிறார்கள். குறையை மட்டும் ஒரே பக்கம் எழுதிவிடுகிறோம். இதை 'இரட்டைப் புரிதல் சிக்கல்' என்று சொல்லலாம்.

வகுப்பில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், குறிப்பால் உணர்த்துவதைக் குறைத்து, எண்ணத்தைச் சொல்லாகவே சொல்லுங்கள். 'இப்படியே செய்துகொண்டிரு பார்க்கலாம்' என்று அதட்டினால், செய்யலாம் என்று அனுமதி தந்ததாகவே அந்தக் குழந்தை எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணைப் பார்க்காததைக் கவனமின்மை என்று எண்ணுவதும் மேலே சொன்ன ஆசிரியர் பக்கத்துத் தவறுகளில் ஒன்று.

விலங்குகளுக்கு இது உண்டா?

ஓரளவு உண்டு. 2000-இல் பிரையன் ஹேர் குழுவினர் செய்த சோதனையில், கீழ்நிலையிலுள்ள சிம்பன்சி, தலைமைச் சிம்பன்சியின் கண்ணுக்கு மறைவாக இருந்த உணவை நாடியே அதிகம் போனது. 2016-இல் சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகளின் கண்ணசைவை அளந்த ஓர் ஆய்வில், தவறான நம்பிக்கையுடைய மனிதர் எங்கே தேடுவாரோ அந்த இடத்தை அவை முன்கூட்டியே பார்த்தன.

எனக்கு மிகவும் பிடித்தது காகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவை பற்றிய 2001-ஆம் ஆண்டு ஆய்வு. நேதன் எமெரியும் நிக்கோலா கிளேட்டனும் செய்தது. தான் உணவை ஒளிப்பதை மற்றொரு பறவை பார்த்திருந்தால், ஜே பிறகு தனியாக வந்து அதை வேறிடத்தில் மாற்றி ஒளிக்கிறது. ஆனால் முன்பு பிற பறவையின் உணவைத் திருடிய அனுபவமுள்ள ஜே மட்டுமே அப்படிச் செய்தது.

மூளையில் இதற்கென்று ஓர் இடம் உண்டா? கண்ணாடி நியூரான்கள்தானே காரணம்?

வலக் காதுக்கு மேலே சற்றுப் பின்புறம், பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் பகுதி, பிறருடைய நம்பிக்கைகளைப் பற்றி யோசிக்கும்போது குறிப்பாகச் செயல்படுகிறது என்று ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் 2003-இல் காட்டினார்கள். 2010-இல், காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியின் வேலையைச் சற்றுக் குலைத்துப் பார்த்தபோது, கொல்ல நினைத்துத் தோற்றவரின் செயலை மக்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே கண்டித்தார்கள். நோக்கத்தின் எடை குறைந்து, விளைவின் எடை கூடியது.

கண்ணாடி நியூரான்களை 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கோமோ ரிசொலாட்டியின் குழு குரங்குகளிடம் கண்டது. தான் ஒரு செயலைச் செய்யும்போதும், பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் செல்கள் அவை. கையசைவைப் புரிந்துகொள்வதில் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் மாக்ஸி சாக்லேட்டைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதற்குப் பார்க்கத்தக்க அசைவு எதுவும் இல்லை. அவற்றைக் கருணைக்கும் பண்பாட்டுக்கும் வேராகச் சொல்லும் பேச்சு, சான்றுகளைத் தாண்டிப் போகிறது.

நாங்கள் பெரியவர்கள். எங்களுக்கு இந்தக் குழப்பம் வராது அல்லவா?

வருகிறது, வடிவம் மட்டும் மாறுகிறது. ஒரு தட்டடுக்கின் இருபுறமும் இருவர் நிற்க, சில அறைகள் ஒருவருக்கு மறைக்கப்பட்டிருக்கும் சோதனையை போவாஸ் கைசர் குழுவினர் செய்தார்கள். எதிரில் இருப்பவர் 'சின்ன மெழுகுவர்த்தியை நகர்த்து' என்கிறார். மிகச் சிறிய மெழுகுவர்த்தி அவர் பார்க்க முடியாத அறையில் இருக்கிறது. எனவே அதை அவர் கேட்டிருக்க முடியாது. இது தெரிந்தும், பெரியவர்களின் கண் முதலில் அங்கே போனது. கையும் அடிக்கடி போனது.

எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. தெரிந்த பாடலின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, மற்றவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள்; 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுபவரின் தலைக்குள் முழுப் பாடலும் ஒலிக்கிறது, கேட்பவருக்கு டொக் டொக் மட்டுமே கிடைக்கிறது. கணக்கு ஆசிரியர் 'இது எளிது' என்று சொல்லிக் கடந்து போகும்போது கடைசி வரிசையில் நிகழ்வதும் இதுவே. எழுத்துச் செய்தியிலும் அப்படித்தான்: கிண்டலாக எழுதியதா, உண்மையாக எழுதியதா என்பதை ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் எண்ணினார்கள், படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம். ஜஸ்டின் க்ரூகர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கணக்கு அது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்களே. முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்க முடியாதா?

மகிழ்ச்சி, அருவருப்பு போன்றவை முகத்தில் தெரிவதுண்டு. ஆனால் பொய்யைப் பிடிக்க முகம் உதவாது. சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபோலோவும் 2006-இல் இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகளைத் தொகுத்தார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் கிடைத்த சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். காவல் துறையினர் போன்று தொழிலாகவே இதைச் செய்பவர்களும் குறிப்பிடத்தக்க அளவு மேலில்லை. கண்ணைப் பார்க்காதவர் பொய்யர் என்ற எண்ணம் உலகெங்கும் இருக்கிறது, அதற்குச் சான்று இல்லை. அந்த எண்ணத்தால் கூச்ச சுபாவமுள்ளவர்களும், முன்பு சொன்ன ஆட்டிசம் உள்ளவர்களும் அநியாயமாகச் சந்தேகப்படுகிறார்கள் என்பது என்னை வருத்துகிறது.

இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவர் மனசு எனக்குத் தெரியாதா?

அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை, எந்த உறவினரைக் கண்டால் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு பெரியது. ஆனால் நெருக்கம் வளர வளர, சொல்லாமலே புரிந்திருக்கும் என்ற எண்ணமும் உண்மையைத் தாண்டி வளர்கிறது. கென்னத் சாவிட்ஸ்கியும் மற்றவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இரு பொருள் தரும் வாக்கியங்களின் உட்பொருளைக் கணிப்பதில் கணவனும் மனைவியும் அந்நியர்களைவிடத் தேர்ச்சி காட்டவில்லை. துணைக்குப் புரிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடாதா? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

அந்த அறிவுரை நல்ல மனத்திலிருந்து வருவது. பிறர் மீது கனிவு வளர அது உதவும். சரியாகக் கணிக்க உதவுமா என்பது வேறு கேள்வி. டால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018-இல் 25 சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள்: முகத்திலிருந்து உணர்வை அறிதல், பொய்யை அறிதல், துணையின் விருப்பங்களைக் கணித்தல் என்று பலவகை. பிறர் இடத்தில் நின்று யோசிக்கச் சொன்னது துல்லியத்தைக் கூட்டவில்லை. சில வேளை குறைக்கவும் செய்தது. நேரில் பேசிக் கேட்டறிந்தபோதுதான் துல்லியம் கூடியது.

காரணம் மூன்றாவது கேள்வியின் பதிலில் இருக்கிறது. அவர் இடத்துக்குப் போகும்போது நாம் நம்முடைய அறிவையும் விருப்பத்தையும் சுமந்துகொண்டே போகிறோம். மாமியாருக்குப் பரிசு வாங்கும்போது அவர் இடத்தில் நின்று யோசித்தால், நமக்குப் பிடித்த நிறத்துப் புடவையே கையில் வரும். கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. கேட்காமலே செய்வதுதான் அன்பு என்றும் சொல்வார்கள். சின்ன விஷயங்களில் அது இனிமையாக இருக்கலாம். ஆனால் நோயாளியின் விருப்பம், மகளின் படிப்பு, முதியவரின் தங்குமிடம் போன்றவற்றில் கேட்காமல் முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒருவரின் குணம் தெரிந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று சொல்லிவிடலாமே?

குணத்துக்கு நாம் தரும் எடை பெரும்பாலும் மிகை. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கத் தந்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவரின் தேர்வு அல்ல, அவருக்குப் பணிக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், எழுதியவரின் உண்மையான கருத்து அதுதான் என்றே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழல் எதிரே தெரிந்தும் அதைக் கழிக்க மறந்தார்கள்.

இதில் இந்தியாவுக்கு நேரடியான பங்கு உண்டு. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவிலும் மைசூரிலும் உள்ளவர்களிடம், தெரிந்தவர் ஒருவர் செய்த செயலுக்குக் காரணம் சொல்லச் சொன்னார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை அதிகம் காட்டினார்கள். மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழ்நிலை ஆகியவற்றை அதிகம் காட்டினார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏற விரிந்தது. ஆகவே குணத்தை முதலில் பிடிப்பது பெருமளவு கற்ற பழக்கம்.

பிறர் மனத்தை நன்றாக அறிந்தவர் நல்லவராகத்தானே இருப்பார்?

தேவையில்லை. அறிவது வேறு, பிறர் துன்பத்தில் தானும் வருந்துவது வேறு. 1999-இல் ஜான் சட்டன் குழுவினர் பிரிட்டனில் செய்த ஆய்வில், வகுப்பில் பிறரைக் கொடுமைப்படுத்தும் கும்பலின் தலைவர்களான குழந்தைகள், அவர்களைப் பின்பற்றுவோரையும் பாதிக்கப்பட்டோரையும்விட மனமறியும் சோதனையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். எந்தச் சொல் யாரை எங்கே சுடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய குழந்தையிடம் 'அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்கிறார்களே?

கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான பெரிய மொழி மாதிரிகள் மாக்ஸி வகைக் கதைகளுக்குச் சரியான பதில் தருகின்றன. 2023-இல் டோமர் உல்மன் அக்கதைகளில் சிறு மாற்றம் செய்தார்: பெட்டி ஒளி ஊடுருவக்கூடியது, உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும் என்று ஒரு வரி சேர்த்தார். அன்றைய மாதிரி, பார்ப்பவர் இன்னும் ஏமாந்திருப்பார் என்றே பதில் சொன்னது. மாதிரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் குறிப்பிட்ட தவறு நிலையானதல்ல. ஆனால் இந்தக் கதைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அச்சாகியிருப்பதால், பழைய சோதனையில் தேறியதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. முக்கோணங்களுக்கே மனம் வைத்துப் பார்த்தவர்கள் நாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தவர் மனம் இருக்கட்டும். என் மனம் எனக்குத் தெரியும் அல்லவா?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கும் ஒன்றே. வலப்புறக் கடைசியில் இருந்ததை, இடப்புறக் கடைசியில் இருந்ததைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் எடுத்தார்கள். காரணம் கேட்டால் நெசவு, நேர்த்தி என்றார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமா என்று கேட்டபோது மறுத்தார்கள். நம் செயலுக்கு நாம் சொல்லும் காரணம், வெளியாள் ஒருவர் ஊகித்துச் சொல்லக்கூடிய காரணமாகவே பலமுறை இருக்கிறது, அதாவது பிறர் மீது பயன்படுத்தும் கோட்பாட்டையே நம் மீதும் பயன்படுத்துகிறோம் என்பது அவர்கள் வாதம்.

இதற்கு 1980-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு வரம்பு வகுத்தார்கள். செயலுக்குப் பிறகு 'ஏன்' என்று கேட்டால் கிடைப்பது நம்பத்தக்கதல்ல. செயல் நடக்கும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் கிடைப்பது பெருமளவு நம்பத்தக்கது. எனவே மாணவன் கணக்கைத் தவறாகப் போட்ட பிறகு 'ஏன் இப்படிப் போட்டாய்?' என்று கேட்பதைவிட, அடுத்த கணக்கைப் போடும்போதே ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்பது ஆசிரியருக்கு அதிகம் பயன் தரும்.